கேடயச் சுரப்பியை இழந்தவர்கள்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயை இருபுறமும் தழுவிய வண்ணம் ஒரு சிறு சுரப்பி அமைந்திருக்கிறது. சிறகு விரித்த வண்ணத்துப் பூச்சியை ஒத்த வடிவம். வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ 20 கிராம் எடை. இதற்குத் 'தைராய்டு' என்னும் பெயரை 1656 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் இட்டார். கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது அது. தமிழில் கலைச்சொல் ஆக்கியோர் அதை அப்படியே பெயர்த்துக் 'கேடயச் சுரப்பி' என்றனர். உண்மையில் கேடயத்தை ஒத்திருப்பது அருகிலுள்ள குரல்வளைக் குருத்தெலும்பேயாகும். பெயரிட்ட வார்ட்டனுக்கும் இச்சுரப்பியின் பயன் விளங்கவில்லை. கழுத்துக்கு, அதிலும் மகளிர் கழுத்துக்கு, உருட்சியும் அழகும் தருவதற்காக இயற்கை இதை வைத்திருக்கலாம் என்று அவர் எண்ணினார். அழகுக்காக வைத்த உறுப்பென்றால் எடுத்துவிட்டாலும் கேடில்லை என்பது பெறப்படும் அன்றோ? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் மருத்துவ உலகம் அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்புக்குக் கொடுத்த விலை பெரிது.

கழலை பெருத்து மூச்சை நெருக்கும்போதும், சுரப்பு மிகுந்து இதயத்தை வருத்தும்போதும், புற்றுநோய் காணும்போதும் இச்சுரப்பியை அகற்றுகின்றனர். இன்று இது அஞ்சத்தக்க அறுவையன்று. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். கழுத்தில் மெல்லிய கோடாக ஒரு தழும்பு. கையில் ஒரு மாத்திரைச் சீட்டு. உறவினர் பழங்களோடு வந்து பார்த்து, 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று மகிழ்ந்து போகின்றனர். ஆனால் முடிந்தது அறுவை மட்டுமே. உடலின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு விரைவில் எரிபொருளைச் செலவிட வேண்டும் என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்த உறுப்பு போய்விட்டது. இனி அந்தக் கட்டளையை வெளியிலிருந்து, நாள்தோறும், ஆயுள் முழுதும், அளவறிந்து கொடுத்தாக வேண்டும். அறுவை அறையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்ற நோயாளிக்கு, இந்தப் பிந்திய வேலையில் துணை நிற்பவர் யார் என்று கேட்டால் பல வேளைகளில் விடை கிடைப்பதில்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. இந்த அறுவையின் வரலாறே இக்குறையைக் கண்டுபிடித்த வரலாறுதான்.

சுவிட்சர்லாந்து நாட்டு மலைப்பள்ளத்தாக்குகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழலை இல்லாத ஊர் அரிது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு என்பதே காரணம். (1922 ஆம் ஆண்டில் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கிய பின்னரே அந்நாடு இந்நோயிலிருந்து மெல்ல விடுபட்டது.) கழலையை அறுப்பது அந்நாளில் உயிரோடு விளையாடுவதாகும். இரத்தக் குழாய்கள் செறிந்த உறுப்பாதலால் நோயாளி மேசையிலேயே இறந்துபோவார். நேர்மையும் அறிவும் உள்ள எந்த மருத்துவனும் இதில் கை வைக்கமாட்டான் என்னும் பொருள்பட அமெரிக்க அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸ் 1866 ஆம் ஆண்டில் எழுதினார்.

இந்நிலையை மாற்றியவர் பேர்ன் நகரத்துத் தியோடர் கோக்கர். 1872 ஆம் ஆண்டில் தம் 31 ஆம் வயதில் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானவர். விரைந்து அறுப்பதே திறமை என்று கருதப்பட்ட காலத்தில், இவர் நிதானமாக அறுத்தார். ஒவ்வொரு குழாயையும் தேடிப் பிடித்துக் கட்டினார். கிருமி நீக்கும் முறையைக் கண்டிப்பாகக் கையாண்டார். பத்தாண்டுகளில் நூறு கழலை நோயாளிகளுக்கு மேல் அறுவை செய்து முடித்தார். இறந்தோர் தொகை நூற்றுக்கு 13 என்ற அளவில் நின்றது. அந்நாளில் அது வியப்புக்குரிய வெற்றி. பிற்காலத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாக அதை அவர் இறக்கினார் என்பது தனிக்கதை.

1874 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் சுரப்பி முழுவதையும் அகற்றினார். காயம் ஆறியது, சிறுமி ஊர் திரும்பினாள். சில திங்கள் கழித்து, அவளை அனுப்பி வைத்த நாட்டுப்புற மருத்துவர், பெண்ணின் இயல்பு மாறிவிட்டது, துடிப்பாக இருந்தவள் மந்தமாகிவிட்டாள் என்று தெரிவித்தார். அச்சொல் கோக்கரின் நெஞ்சில் எங்கோ தங்கியதே தவிர, அவரைச் செயற்படுத்தவில்லை. எட்டு ஆண்டுகள் கடந்தன.

1882 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் நடந்த ஒரு மாநாட்டில், அந்நகர அறுவை மருத்துவர் ஷாக் ரெவெர்டான் கோக்கரைச் சந்தித்தார். சுரப்பியை முழுதும் அகற்றிய தம் நோயாளிகள் சிலரிடம் விந்தையான தளர்ச்சி காணப்படுவதாகக் கூறி, உங்கள் நோயாளிகள் எப்படி என்று வினவினார். இந்தக் கேள்விதான் கோக்கரை உலுக்கியது. அவர் பழைய ஏடுகளைப் புரட்டி, நோயாளிகளுக்குத் திரும்பி வருமாறு சொல்லி அனுப்பினார். வந்தவர்களைக் கண்டு திகைத்தார். சுரப்பி முழுதும் அகற்றப்பட்டவர்களுள் மீண்டும் ஆராயப்பட்டோர் 18 பேர். அவர்களில் இருவரைத் தவிர மற்ற அனைவரும் உருக்குலைந்திருந்தனர். முகம் ஊதி, தோல் வறண்டு, முடி உதிர்ந்து, பேச்சு இழுபட்டு, குளிரில் நடுங்கி, கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்து விடை சொல்லும் மனிதர்கள். அச்சிறுமியும் வந்தாள். அறுவைக்கு முன் அவளும் அவள் தங்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று இருந்தது. அதில் மூத்தவளே உயரம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படத்திலோ தங்கை வளர்ந்த மங்கையாக நிற்கிறாள்; அக்காள் வளராத குழந்தையின் உருவத்தில் அருகே நிற்கிறாள். மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கொடிய சாட்சி அரிது.

கோக்கர் இதை மறைக்கவில்லை. 1883 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெர்லினில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் பேரவையில் தம் வெற்றிகளின் மறுபக்கத்தை எடுத்துரைத்தார். தீங்கற்ற கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் அகற்றேன் என்று உறுதி பூண்டார். காரணத்தைக் கூறுவதில் அவரும் தவறினார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அறுவையால் மூச்சுக் குழாய் தளர்ந்து, போதிய காற்று உட்செல்லாமையால் இக்கேடு விளைகிறது போலும் என்று அவர் எண்ணினார். காரணம் தவறு, கண்டது உண்மை. கண்டது உண்மையாக இருந்தால் காரணத்தைப் பிறர் திருத்திக்கொள்ள முடியும். முதலில் கண்டவர் ரெவெர்டானா கோக்கரா என்ற வழக்கு இருவருக்குமிடையே நெடுங்காலம் நடந்தது. நோயாளிகளுக்கு அந்த வழக்கால் பயன் ஒன்றுமில்லை.

1909 ஆம் ஆண்டில் கோக்கருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அறுவை மருத்துவர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அதே காலத்தில் வியன்னா நகரில் பில்ரோத் என்னும் பெரும் மருத்துவரும் இவ்வறுவையைச் செய்து வந்தார். அவருடைய நோயாளிகளிடம் மந்தநிலை அவ்வளவாகக் காணப்படவில்லை. மாறாகப் பலருக்குக் கைகால் விறைத்து இழுக்கும் இசிவு நோய் கண்டது. கோக்கரின் நோயாளிகளுக்கோ இசிவு அரிது. இருவரிடமும் சென்று பார்த்த அமெரிக்கர் ஹால்ஸ்டெட், பின்னாளில் இதற்குக் கூறிய விளக்கம் புகழ்பெற்றது. பில்ரோத் விரைந்து அறுப்பவர். சுரப்பியில் சிறிது தங்கிவிடும், ஆனால் அதைச் சுற்றியுள்ளவை சேதப்படும். கோக்கரோ இரத்தம் சிந்தாமல், சுற்றியுள்ளவற்றைக் காத்து, சுரப்பியை மட்டும் ஓர் இழையும் மீதமின்றி எடுத்துவிடுவார். கைத்திறன் கூடக்கூட நோயாளியின் கேடு முழுமை பெற்றது என்பது எத்தகைய முரண்!

பில்ரோத்தின் கத்தியில் சிக்கிய 'சுற்றியுள்ளவை' எவை? கேடயச் சுரப்பியின் பின்புறத்தில் கோதுமை மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள். 1880 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராயிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இவற்றைக் கண்டு எழுதினார். அந்நாளில் எவரும் பொருட்படுத்தவில்லை. இரத்தத்திலுள்ள சுண்ணச்சத்தை, அதாவது கால்சியத்தை, ஒரே அளவில் வைத்திருப்பது இவற்றின் பணி. இன்றும் அறுவையின்போது இவை அடிபட்டால், ஓரிரு நாளிலேயே உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் மினுமினுப்புத் தோன்றும். பின் தசை பிடித்து இழுக்கும். பலருக்கு இது சில கிழமைகளில் தீரும், சிலருக்கு நிலைத்துவிடும். அத்தகையோர் கால்சியத்தையும் வைட்டமின் 'டி'யின் வலுவேறிய வகையையும் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். 'வாயைச் சுற்றி ஊர்கிறது' என்று நோயாளி சொல்லும்போது அதை மனப்பிரமை என்று தள்ளுவது அறியாமை. அது கால்சியம் இறங்குகிறது என்னும் அறிவிப்பு. அன்றே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று குரலைப் பற்றியது. குரல் நாண்களை இயக்கும் நரம்புகள் இச்சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. ஒன்று அடிபட்டால் குரல் கம்மி, காற்றுக் கலந்து ஒலிக்கும். இன்னொரு மெல்லிய கிளை அடிபட்டால் சாதாரணப் பேச்சில் குறை தெரியாது. உரத்துக் கூப்பிடவும், உச்ச சுருதியில் பாடவும், ஒரு வகுப்பின் கடைசி வரிசைவரை குரலைச் செலுத்தவும் இயலாமற்போகும். இத்தாலியப் பாடகி அமெலிட்டா காலி-குர்ச்சிக்கு 1935 ஆம் ஆண்டில் சிக்காகோவில் கழலை அறுவை நடந்தது. அதனால்தான் அவர் குரல் போயிற்று என்று பல்லாண்டு மருத்துவ நூல்கள் எழுதிவந்தன. குரல் முன்னரே தளர்ந்திருந்தது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் மறுத்துள்ளனர். எப்படியாயினும் அவர் பெயர் அந்த நரம்புக் கிளைக்கு எச்சரிக்கையாக நிலைத்துவிட்டது. எழுத்தரின் கழுத்துக்கும் ஆசிரியரின் கழுத்துக்கும் அறுவை ஒன்றே, இழப்பு ஒன்றன்று. தொழில் என்ன என்பதை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கூறுவதும், குரல் மாறினால் சில கிழமைகளுக்குள் குரல்வளையைச் சோதிக்கச் சொல்வதும், வேண்டின் குரற்பயிற்சி பெறுவதும் உரிமைகளாகும். காலம் தாழ்த்தினால் மீட்சி குறையும்.

இனி, இழந்ததை ஈடு செய்த கதைக்கு வருவோம். 1883 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டன் மருத்துவக் கழகம் ஒன்றின் கூட்டத்தில் பெலிக்ஸ் சீமன் என்னும் தொண்டை மருத்துவர் எழுந்து ஒரு கருத்தைச் சொன்னார். மலைநாட்டுக் குழந்தைகளின் பிறவி மந்தம், இங்கிலாந்தில் நடுவயது மகளிரிடம் காணப்படும் முகவீக்க நோய், சுவிட்சர்லாந்தில் அறுவைக்குப் பின் வரும் சீர்குலைவு ஆகிய மூன்றும் ஒன்றே. மூன்றுக்கும் காரணம் கேடயச் சுரப்பி இன்மையே என்றார். அவையோர் நகைத்தனர். எனினும் கழகம் ஒரு குழுவை அமைத்தது. குழு ஐந்தாண்டுகள் உழைத்து, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் செய்திகளைத் தொகுத்து, 1888 ஆம் ஆண்டில் சீமன் சொன்னதே உண்மை என்று அறிக்கை வெளியிட்டது.

காரணம் தெரிந்ததும் மருந்து விரைவில் வந்தது. 1891 ஆம் ஆண்டில் நியூகாசில் நகரத்து இளம் மருத்துவர் ஜார்ஜ் மரே, ஆட்டின் சுரப்பியைக் கிளிசரினில் ஊறவைத்து எடுத்த சாற்றை, 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். சில திங்களில் அவர் முகம் தெளிந்தது, நாவு புரண்டது, தாமே கடைவீதிக்குச் செல்லலானார். அடுத்த ஆண்டே, ஊசி தேவையில்லை, வாய்வழி கொடுத்தாலும் போதும் என்று பிறர் கண்டனர். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் நலத்துடன் வாழ்ந்து 1919 ஆம் ஆண்டில் தம் 74 ஆம் வயதில் மறைந்தார். அதுவரை 870 ஆடுகளுக்கு மேற்பட்டவற்றின் சுரப்பிச் சாறு அவருக்குச் செலவாயிற்று என்று மரே கணக்கெழுதி வைத்தார். நோயாளியை 28 ஆண்டு கண்காணித்துக் கணக்கு வைத்த மருத்துவர்! மருந்தைக் கண்டுபிடித்ததற்கு ஈடாக இதையும் போற்ற வேண்டும்.

சாற்றின் சாரமான தைராக்சினை 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெண்டல் பிரித்தெடுத்தார். ஹாரிங்டனும் பார்ஜரும் 1927 ஆம் ஆண்டில் அதைச் செயற்கையில் ஆக்கினர். சுரப்பி விடும் மற்றொரு பொருளை, அளவில் சிறிதாயினும் வேகத்தில் பெரிதானதை, கிராஸ், பிட்-ரிவர்ஸ் என்போர் 1952 ஆம் ஆண்டில் கண்டனர். நான்கு அயோடின் அணுக்கள் உள்ள தைராக்சினை 'டி4' என்றும், மூன்று உள்ள இதை 'டி3' என்றும் சுருக்கமாக வழங்குவர். இன்று சுரப்பி இழந்தோர் உட்கொள்வது பெரும்பாலும் செயற்கைத் தைராக்சின் மாத்திரையே. விலை மலிவு; அளவு துல்லியம்; ஆட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பின் குறை என்ன? மாத்திரை எளிதாகத் தோன்றுவதே குறை. சுரப்பி முழுதும் போனவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுத் தொடங்குவர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 100 மைக்ரோகிராம் அளவு வரும். இது தொடக்கக் கணக்கே. சரியான அளவை இரத்தச் சோதனையால் காண வேண்டும். சுரப்பியைத் தூண்டும்படி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் 'டி.எஸ்.எச்.' என்னும் பொருளின் அளவே அச்சோதனையின் அளவுகோல். மருந்து குறைந்தால் அது ஏறும், மிகுந்தால் இறங்கும். தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகுமாதலால், அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்தே மறுபடி சோதிப்பது பயன்தரும்.

இந்த ஏழு நாள் கணக்கில்தான் சூழ்ச்சி இருக்கிறது. ஒரு நாள் மாத்திரையை மறந்தால் ஒன்றும் தெரியாது. இரு கிழமை மருந்து தீர்ந்து வாங்காமல் விட்டாலும் ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பார். தளர்ச்சி மெல்லப் படரும். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுதல், மறதி, சோர்ந்த மனம் என ஒவ்வொன்றாக வரும்போது, அவற்றை மாத்திரையோடு இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றாது. சுரப்பிக் கோளாறு ஆடவரைவிடப் பெண்டிருக்கே பன்மடங்கு மிகுதி. வீட்டில் ஒரு பெண் இவ்வாறு தளர்ந்தால் அதற்குச் 'சோம்பல்' என்று பெயர் வைப்பது எளிது. அலுவலகத்தில் 'கவனக் குறைவு' என்பர். அவரே நாளடைவில் அதை நம்பிவிடுவார். மிகையானாலும் கேடுதான்: படபடப்பு, உறக்கமின்மை, கைநடுக்கம். ஆண்டுக்கணக்கில் மிகையாக இருந்தால் எலும்பு நலியும். முதியோர்க்கு இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பசியாற வேண்டும். காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினால் குடலில் ஏறும் அளவு குறையும். சோயா உணவும் அவ்வாறே. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இங்கே நோயாளியின் இடுக்கண் விளங்கும். அறுவைக்குப் பின் கால்சியம் குறைந்தவருக்கு இரு மாத்திரையும் ஒரே சீட்டில் எழுதப்படுகின்றன. இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கக்கூடாது என்று சொல்ல எவரும் இல்லாவிடில், ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு வீணாகிறது. கருவுற்ற பெண்ணுக்கு முதல் சில கிழமைகளிலேயே மருந்துத் தேவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கூடும். தாயின் சுரப்பிச் சத்தையே கரு நம்பியிருக்கும் காலம் அது. அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருத்தல் தகாது.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை இழந்தவர் நிலை வேறு. டி.எஸ்.எச். மிகுந்தால் எஞ்சிய நோயணு தூண்டப்படலாம் என்பதால், அவர்களுள் சிலருக்கு வேண்டுமென்றே சற்று மிகையாக மருந்து தருவர். எவருக்கு எவ்வளவு காலம் என்பது நோயின் வன்மையைப் பொறுத்தது. அபாயம் குறைந்தவர்க்கு அவ்வளவு இறக்க வேண்டியதில்லை என்பது அண்மைக்கால முடிவு. இந்த நோக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்காமல் நோயாளியை அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ஊரிலுள்ள மருத்துவர் சோதனைச் சீட்டைப் பார்த்து, 'மருந்து மிகை' என்று குறைப்பார். பெரிய மருத்துவமனையில் மறுபடி கூட்டுவர். இருவரும் தத்தம் அளவில் சரியாகவே நடந்திருப்பர். நடுவே அலைவது நோயாளி.

இவையெல்லாம் கவனத்தால் தீரக் கூடியவை. கவனத்தாலும் எளிதில் தீராத ஒன்று உண்டு. சோதனைச் சீட்டில் எல்லாம் சரி. நோயாளி மட்டும் சரியில்லை. தைராக்சின் உட்கொள்வோருள் நூற்றுக்கு 5 முதல் 15 பேர்வரை இத்தகைய முறையீடு உடையவர் என்று மதிப்பிட்டுள்ளனர். இவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான விடை, 'உங்கள் இரத்தம் நன்றாக இருக்கிறது' என்பதே.

இந்த விடையின் பிறப்பையும் அறிய வேண்டும். 1970 ஆம் ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் நோயாளியின் முகம், நாடி, தோல், பேச்சு இவற்றைப் பார்த்து அளவை முடிவு செய்தனர். நுட்பமான இரத்தச் சோதனைகள் வந்தபின், அதுவரை பலருக்கும் மிகையாகக் கொடுத்துவந்தது தெரிந்தது. அளவுகள் ஏறத்தாழப் பாதியாக இறக்கப்பட்டன. எலும்பும் இதயமும் பிழைத்தன, இதில் ஐயமில்லை. ஆனால் அளவுகோல் வந்ததும், அளக்கப்படும் மனிதனைப் பார்க்கும் பழக்கம் குறைந்ததும் உண்மையே.

அறிவியல் முறையில் இவர்கள் முறையீட்டுக்கு இடம் உண்டா? உண்டு, ஆனால் முடிந்த முடிபு இல்லை. நலமுள்ள சுரப்பி நாள்தோறும் டி4 பொருளோடு சிறிதளவு டி3 பொருளையும் நேரே விடுகிறது. உடலுக்கு வேண்டிய டி3 பொருளில் ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு வருவது. எஞ்சிய நான்கு பங்கு, டி4 உடலின் பிற உறுப்புகளில் மாற்றமடைவதால் கிடைப்பது. இந்த மாற்றம் சுரப்பியில்லாதவர் உடலிலும் நடக்கிறது என்று 1970 ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே டி4 மட்டுமே போதும் என்ற கொள்கை நிலைபெற்றது. 1999 ஆம் ஆண்டில் லிதுவேனியாவில் 33 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, சிறிது டி3 கலந்து கொடுத்தால் மனநலமும் ஊக்கமும் கூடுகின்றன என்று கூறிப் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. பின் செய்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அதை உறுதிப்படுத்தவில்லை. 2006 ஆம் ஆண்டில் 11 ஆராய்ச்சிகளையும் 1,216 நோயாளிகளையும் ஒருசேர நோக்கியவர்கள், சராசரியில் வேறுபாடில்லை என்றனர். ஆயின் 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு செய்தி வெளிவந்தது: டி4 பொருளை மாற்றும் நொதியின் மரபணுவில் ஒருவகை வேறுபாடு உடைய சிலருக்குக் கூட்டு மருந்து உதவக்கூடும் என்பது அது. இதுவும் இன்னும் உறுதி பெற வேண்டியதே. இதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டி நூல்கள், மற்றக் காரணங்கள் எல்லாம் ஆராயப்பட்டபின், வல்லுநர் பார்வையில் குறிப்பிட்ட காலம் சோதித்துப் பார்க்கலாம் என்று இடம் விட்டிருக்கின்றன. மற்றக் காரணங்கள் என்பவை சோகை, வைட்டமின் குறைவு, உறக்கக் கோளாறு, மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வு முதலியன. இவற்றைத் தேடுவதும் பராமரிப்பின் பகுதியே. தேடாமல் 'மனம்தான் காரணம்' என்பது விடையாகாது.

இடம் இருந்தும் பொருள் கிடைப்பது வேறு. இங்கிலாந்து அரசாங்க மருத்துவத் துறை டி3 மாத்திரைப் பெட்டி ஒன்றுக்கு 2009 ஆம் ஆண்டில் கொடுத்த விலை ஏறத்தாழ 20 பவுன். 2017 ஆம் ஆண்டில் 248 பவுன். விலை ஏறியதும் பல வட்டாரங்களில் மருத்துவர்கள் அதை எழுதவே தயங்கினர். பயன் கண்டிருந்தவர்களும் நிறுத்தப்பட்டனர். விற்றோர்மீது 2021 ஆம் ஆண்டில் 10 கோடிப் பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. இடையில் கழிந்த ஆண்டுகளுக்கு அபராதம் ஈடாகுமா?

மாத்திரையின் சேர்மானம் மாறினாலும் தொல்லைதான். பிரான்சு நாட்டில் 2017 ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் உட்கொண்டுவந்த தைராக்சின் மாத்திரையில், மருந்தை மாற்றாமல், அதோடு சேர்க்கும் பாற்சர்க்கரையை நீக்கி வேறு பொருள்கள் சேர்த்தனர். மருந்து நாட்பட நிலையாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் களைப்பு, தலைவலி, முடி உதிர்தல் என்று பல்லாயிரவர் முறையிட்டனர். முறையீடுகள் முதலில் கற்பனை என்று தள்ளப்பட்டன. மாத்திரையில் மாசு ஒன்றும் காணப்படவில்லை. பழைய மாத்திரைக்கும் புதியதற்கும் சராசரி வேறுபாடு இல்லை என்று சோதனை காட்டியதும் உண்மை. அதே சோதனைக் கணக்கை 2019 ஆம் ஆண்டில் மறுபடி ஆராய்ந்த அறிஞர் சிலர், சராசரி ஒத்திருப்பினும் தனி ஆள்களை எடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் குறித்த எல்லைக்குள் அடங்கவில்லை என்று காட்டினர். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் மாறாமலே பாதி மாணவர்கள் ஏறவும் இறங்கவும் கூடும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இறுதியில் பழைய மாத்திரையை வெளிநாட்டிலிருந்து வருவித்துக் கொடுக்க நேர்ந்தது.

ஜப்பானில் 2011 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் நிலநடுக்கத்தின்போது, அந்நாட்டுத் தைராக்சினில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் செய்துவந்த ஒரே தொழிற்சாலை இவாக்கி நகரில் நின்றுபோயிற்று. இலட்சக்கணக்கானோர் மருந்தில்லாமற்போகும் நிலை வந்தது. வெளிநாட்டிலிருந்து அவசரமாகத் தருவித்துச் சமாளித்தனர். சுரப்பியை இழந்தவர் எவ்வளவு தொலைவிலுள்ள கைகளை நம்பி வாழ்கின்றனர் என்பது அன்று தெரிந்தது.

ஆகவே வீடு திரும்பும் நாளில் நோயாளி கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. சுரப்பி முழுதும் போயிற்றா, பகுதி மிஞ்சியதா; எந்நோய்க்காக எடுக்கப்பட்டது; சிறு சுரப்பிகள் நான்கும் காக்கப்பட்டனவா; குரல் நாண்கள் அசைகின்றனவா; கடைசிக் கால்சியம் அளவு என்ன; தைராக்சின் எவ்வளவு, எந்தக் கம்பெனியின் மாத்திரை; டி.எஸ்.எச். எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். அடுத்த சோதனை எந்நாள், அதைப் பார்த்து அளவை மாற்றும் பொறுப்பு யாருடையது. அரைப்பக்கத்தில் அடங்கும் செய்திகளே இவை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், மருத்துவர் ஓய்வு பெற்றாலும், வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் அத்தாள் கூடவே செல்ல வேண்டும். மாத்திரைப் பெட்டியின் நிறமோ பெயரோ மாறினால் அந்த நாளையும் அதில் குறித்துவைத்து, ஆறு கிழமை கழித்து ஒருமுறை இரத்தம் சோதிக்கச் சொல்லலாம். கேட்பதற்கு உரிய நேரம், தையல் பிரிக்கப் போகும் நாள். அதற்குப் பின் அறுவை மருத்துவரை மீண்டும் காணும் வாய்ப்புப் பலருக்கு இருப்பதில்லை.